கை தளர்ந்தால் கடிகாரத்தைப் பாருங்கள்

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமையன்று பங்குக் குருவானவர் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும் இல்லங்களின் பட்டியல் ஒன்று நம் பங்குகளில் இருப்பதுண்டு. அதனை ஒருமுறை ஊன்றிப் படித்துப் பாருங்கள். முதுமையால் தளர்ந்தவர்கள் இருப்பர். எலும்பு முறிந்து கிடப்போர் ஓரிருவர் இருப்பர். ஒரு கையும் ஒரு காலும் செயலிழந்து, வாய் கோணி, சொல்ல வந்ததைச் சொல்ல இயலாது கண்ணீரால் பேசிக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் கட்டிலோடு ஒன்றிப்போனவர்களும் இருப்பர். "வாதம் அடித்துவிட்டது" என்று ஒரே வரியில் கூறிவிட்டு நாம் அவர்களைக் கடந்து விடுகிறோம். ஆனால் அவர்களுள் சிலராவது, உரிய நேரத்தில் உரிய இடத்திற்குக் கொண்டு செல்லப்பட்டிருந்தால், இன்று தம் சொந்தக் காலால் நடந்து ஆலயத்திற்கு வந்திருப்பர். இந்த உண்மை நம் குடும்பங்களை இன்னும் சரிவர எட்டவில்லை. அதனை எட்டச் செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மடையும் கரையும்

நம் உடல் எடையில் மூளையின் பங்கு ஏறத்தாழ ஐம்பதில் ஒன்றுதான். ஆயினும் உடல் பயன்படுத்தும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. ஆதலால் இரத்த ஓட்டம் சிறிது நேரம் தடைப்பட்டாலும் மூளை தாங்காது. மேட்டூர்க் கால்வாயை நம்பி வாழும் நம் உழவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மடை அடைபட்டால் அதற்கப்பாலுள்ள வயல் வாடும். கரை உடைந்தால் வயலில் வெள்ளம் புகுந்து பயிர் மூழ்கும். பக்கவாதமும் இவ்வாறே இருவகைப்படும். பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு வருவது இரத்தக் குழாயில் கட்டி அடைத்துக்கொள்வதால் வரும் வகை. எஞ்சியோருக்குக் குழாய் வெடித்து இரத்தம் கசிவதால் வருகிறது.

மடை அடைபட்டவுடன் வயல் முழுவதும் ஒரே நொடியில் கருகிவிடுவதில்லை. நடுவிலுள்ள பயிர் முதலில் மடிகிறது. சுற்றிலும் உள்ளது வாடி நிற்கிறது. உடனே நீர் பாய்ந்தால் அது பிழைத்துக்கொள்ளும். மூளையிலும் இதுவே நிகழ்கிறது. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கணக்கிட்டுக் கூறினர். பக்கவாதத்தில் நேரம் என்பது பணத்தினும் பெரிது என்பதை இந்த ஓர் எண்ணே உணர்த்தும்.

நம் பெற்றோர் காலத்தில் இந்நோயை விதியென்று ஏற்பதைத் தவிர வேறு வழி இல்லை. உயிரோடிருப்பவரின் தலைக்குள் நிகழ்ந்தது அடைப்பா, கசிவா என்று தெளிவாகப் பிரித்தறியும் வசதியே அன்று கிடையாது. 1971-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் இங்கிலாந்தில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலை சி.டி. ஸ்கேன் கருவியில் படம் பிடிக்கப்பட்டது. அக்கருவியை ஆக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டு 1979-இல் நோபல் பரிசு பெற்றார். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து, நோய் தொடங்கிய 3 மணி நேரத்திற்குள் செலுத்தப்பட்டால் ஊனம் குறைகிறது என்று 1995-இல் மெய்ப்பிக்கப்பட்டது. 2008-இல் அவ்வெல்லை நாலரை மணி நேரமாக விரிந்தது. தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, பெரிய கட்டியை வெளியே இழுத்தெடுக்கும் முறையும் 2015 முதல் உறுதிப்பட்டுள்ளது. எனினும் ஊசி மருந்து எல்லோருக்கும் உரியதன்று. இரத்தம் கசிந்தவருக்கு அதைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் படம் எடுக்காமல் எந்த மருத்துவரும் அதனைத் தொடுவதில்லை.

ஆக, மருந்து இருக்கிறது, கருவி இருக்கிறது, கற்ற மருத்துவரும் இருக்கின்றனர். அப்படியிருந்தும் நம் மக்கள் ஏன் கட்டிலில் கிடக்கின்றனர்?

எம் குடும்பத்தில் நிகழ்ந்தது

எம் தமையனார் குமாரபாளையத்தில் விசைத்தறி வைத்துப் பிழைப்பவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில், இரவுத் தறி முடித்துத் தேநீர் அருந்த அமர்ந்தவரின் கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்க முயன்றார், கை வரவில்லை. பேச்சு குழறியது. வீட்டிலிருந்தோர் இரவெல்லாம் கண்விழித்த களைப்பென்று எண்ணினர். "கொஞ்ச நேரம் படுத்து எந்திரிச்சாச் செரியாப் போயிரும்" என்று ஒரு பெரியவர் ஆறுதல் சொன்னார். படுத்தவர் நண்பகலில் எழ முயன்றபோது காலும் விழுந்திருந்தது. அதன்பின் அருகிலிருந்த சிறு மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டு சென்றனர். அங்கே குளுக்கோஸ் ஏற்றினர்; மறுநாள் பார்க்கலாம் என்றனர். மறுநாள் உறவினர் ஒருவரின் சொற்கேட்டு, வாதத்திற்கு எண்ணெய் தேய்க்கும் ஓரிடத்திற்கு வாடகைக் காரில் ஏற்றிச் சென்றனர். புறாவின் இரத்தத்தைச் சூட்டோடு தடவினால் நரம்பு இறங்கும் என்று அங்கே கூறப்பட்டதாம், அதுவும் செய்யப்பட்டது. மூன்றாம் நாள் மாலையில் செய்தி எமக்கு எட்டி நாம் ஓடியபோதுதான் சி.டி. படம் எடுக்கப்பட்டது. படத்தை ஒளிப்பலகையில் மாட்டிய மருத்துவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "எத்தனை மணிக்குத் தொடங்கிற்று?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நாள் கணக்கில் விடை சொல்ல நேர்ந்த துயரம் எம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. யாரையும் குறைகூற இதை எழுதவில்லை. அந்த வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. பணத்திற்கும் அன்று குறைவில்லை. மூன்று நாளில் செலவிட்ட தொகை சிறியதன்று. குறைந்தது ஒன்றே ஒன்று: இது மணிக்கணக்கில் பார்க்க வேண்டிய நோய் என்ற அறிவு. அதன் விலையை அக்குடும்பம் இன்றும் செலுத்திக்கொண்டிருக்கிறது. தமையனாரின் வலக்கை எழவில்லை. மனைவி மக்களின் பெயர்களைக்கூட மாற்றி மாற்றியே சொல்கிறார். மூத்த மகன் கல்லூரிப் படிப்பை நிறுத்திவிட்டுத் தறியில் அமர்ந்தான். அண்ணியார் நல்லுறக்கம் கண்டு பல ஆண்டுகள் ஆகின்றன.

இதற்கு மாறானதொன்றையும் கண்டோம். சங்ககிரியைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் ஒருவர் விடுமுறை நாளில் வீட்டில் உணவருந்திக்கொண்டிருந்தார். சோறு வாயின் ஒரு பக்கமாக வழிந்தது. செவிலியர் பயிற்சி பெற்றுவந்த மகள் அதனைக் கண்டாள். "அப்பா, சிரிங்க பார்க்கலாம்" என்றாள். சிரிப்பு ஒருபுறமே எழுந்தது. அவள் மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு 108-ஐ அழைத்தாள். இரண்டு மணி நேரத்திற்குள் படம் எடுக்கப்பட்டு ஊசியும் போடப்பட்டது. அவர் இன்று முழுநலம் பெற்றுவிட்டார் என்று சொல்லமாட்டோம். இடக்கை விரல்கள் இன்னும் சற்று மந்தம்தான், தொலைதூரச் சுமை வண்டியை விட்டுவிட்டார். ஆனால் தாமே உண்கிறார், தாமே நடக்கிறார், உள்ளூரில் வேலைக்கும் செல்கிறார். இரு குடும்பங்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு செல்வமன்று. அந்த மகளின் ஒரு பார்வையே.

முகம், கை, பேச்சு

அவள் அறிந்திருந்ததை நாம் அனைவரும் அறியலாம். அதற்குப் பட்டப்படிப்பு வேண்டியதில்லை. மூன்று சொற்கள் போதும்.

முதலாவது முகம். சிரிக்கச் சொல்லுங்கள். வாய் ஒருபக்கம் கோணுகிறதா?

இரண்டாவது கை. கண்ணை மூடி இரு கைகளையும் முன்னே நீட்டச் சொல்லுங்கள். ஒரு கை தானாகத் தாழ்கிறதா?

மூன்றாவது பேச்சு. எளிய வாக்கியம் ஒன்றைத் திரும்பச் சொல்லச் செய்யுங்கள். குழறுகிறதா? சொல் மாறுகிறதா? நாம் சொல்வது அவருக்குப் புரியவில்லையா?

இம்மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் பக்கவாதம் என்றே கொள்ளுங்கள். திடீரெனப் பார்வை மங்குதல், நிற்க முடியாமல் தள்ளாடுதல், இதுவரை அறியாத கடுந்தலைவலி ஆகியனவும் அடையாளங்களே. உடனே கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதி வையுங்கள். உறங்கி எழும்போதே கை வராதிருந்தால், கடைசியாக அவர் நன்றாக இருந்ததை யார், எத்தனை மணிக்குக் கண்டார் என்பதே மருத்துவருக்குத் தேவை.

ஒரு முக்கிய எச்சரிக்கை: சிலருக்கு இவ்வடையாளங்கள் தோன்றிச் சில நிமிடங்களில் முற்றிலும் மறைந்துவிடும். கடவுள் காப்பாற்றினார் என்று நன்றி கூறுங்கள்; ஆனால் வீட்டில் இருந்துவிடாதீர்கள். பெரிய பக்கவாதம் பின்தொடரும் ஆபத்து அடுத்த சில நாட்களில்தான் மிகுதி. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

செய்யத் தகாதவை சிலவும் உண்டு. தண்ணீரோ, காபியோ, சர்க்கரையோ வாயில் ஊற்றாதீர்கள். விழுங்கும் திறன் குறைந்திருந்தால் அது மூச்சுக்குழலில் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். இரத்தக் கொதிப்பு மாத்திரையைப் பொடித்து நாவின்கீழ் வைக்காதீர்கள். அழுத்தம் திடீரெனத் தாழ்ந்தால் வாடி நிற்கும் மூளைப்பகுதியும் மடியும். மாரடைப்புக்குக் கொடுக்கும் ஆஸ்பிரினையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். உள்ளே நிகழ்ந்தது கசிவாக இருக்கலாம். தேய்ப்பதற்கும் பிடிப்பதற்கும் நேரமில்லை. நோயில்பூசுதலுக்குக் குருவானவரை அழைப்பது நம் மரபு, அவ்வாறே அழையுங்கள். ஆனால் முதல் அழைப்பு 108-க்காக இருக்கட்டும். குருவானவர் மருத்துவமனைக்கும் வருவார்.

எங்கே கொண்டு செல்வது?

அருகிலுள்ள மருத்துவமனை எது என்பதைவிட, சி.டி. படக் கருவியும் கட்டியைக் கரைக்கும் ஊசியும் இரவிலும் பகலிலும் உள்ள மருத்துவமனை எது என்பதே முதன்மையான கேள்வி. நோய் வந்தபின் கேட்க வேண்டிய கேள்வியன்று இது; நலமாக இருக்கும்போதே விசாரித்து அறிந்துகொள்ள வேண்டும். சேலத்தில் 1986 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மோகன் குமாரமங்கலத்தின் பெயரைத் தாங்கிய அதன் மருத்துவமனையை அறியாதார் நம்மில் இலர். நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ஆம் ஆண்டு சனவரியில் தொடங்கப்பட்டது. 108 வாகனச் சேவை தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் முதல் ஓடுகிறது. அரசின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டம் பக்கவாதத்தையும் அவசர நோய்களுள் ஒன்றாக வைத்துள்ளது. வாகனத்தில் ஏறும்போதே "பக்கவாதம், இத்தனை மணிக்குத் தொடங்கிற்று" என்று கூறுங்கள். பழைய மருந்துச் சீட்டுகளையும், முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டையையும், தொடக்கத்தைக் கண்ணால் கண்ட ஒருவரையும் உடன் கொண்டு செல்லுங்கள்.

எழுபது கொண்டைஊசி வளைவுகளுக்கு மேலே, கொல்லிமலையில் வாழ்வோர் நாலரை மணிக்குள் எப்படி வந்து சேர்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம்மினும் கடினமான மலைநாடாகிய இமாசலப் பிரதேசத்தில் 2014-இல் ஒரு வழி கண்டனர். படக் கருவி உள்ள மாவட்ட மருத்துவமனைகளில் பணியாற்றும் பொது மருத்துவர்கள், தொலைவிலுள்ள நரம்பியல் நிபுணருக்குக் கைப்பேசி வழியாகப் படத்தை அனுப்பி, அவர் அறிவுரைப்படி அங்கேயே ஊசி போட்டனர். மருந்தை அரசு விலையின்றி அளித்தது. நிபுணர் எல்லா ஊரிலும் இருக்க முடியாது. ஆனால் நிபுணரின் அறிவு எல்லா ஊருக்கும் செல்ல முடியும். நம் பகுதியின் சிற்றூர் மக்களுக்கும் இத்தகைய ஏற்பாடு வேண்டுமென்று கேட்பது நம் உரிமை. அதற்குக் குரல் கொடுப்பது நம் கடமை.

விலையுயர்ந்த கருவிகளால் மட்டுமே உயிர் காக்கப்படுகிறது என்று எண்ண வேண்டாம். ஆஸ்திரேலியாவின் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடத்தப்பெற்று 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், செவிலியர் முதல் 3 நாட்களில் காய்ச்சலைத் தணித்து, சர்க்கரையை அளந்து, விழுங்கும் திறனைச் சோதித்தபின்பே உணவளித்தனர். 90 நாட்கள் கழித்துப் பார்த்தபோது, மாண்டோரும் பிறரைச் சார்ந்து வாழ்வோரும் 100-க்கு 58 என்பதிலிருந்து 42 ஆகக் குறைந்திருந்தனர். நம் பங்குகளிலிருந்து செவிலியராகச் சென்றுள்ள கன்னியரும் சகோதரியரும் பிள்ளைகளும் பலராவர். இச்செய்தி அவர்களுக்கு உரியது.

வீடு திரும்பிய பின்

மருத்துவமனை அனுப்பிவிட்டதால் சிகிச்சை முடிந்துவிட்டதென்று கருதுவது அடுத்த தவறு. இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினரின் குடும்பத்தாருக்குப் பயிற்சி முறைகள் கற்பிக்கப்பட்டன. அவர்கள் வீட்டில் நோயாளிக்குப் பயிற்சி அளித்தனர். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டுமே. 2017-இல் வெளியான முடிவு பலருக்கு ஏமாற்றமளித்தது: ஆறு மாதங்கள் கழித்து இரு பிரிவினருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. இதன் பொருள் குடும்பத்தின் அன்பு வீண் என்பதன்று. அன்பு, பயிற்சி பெற்றவரின் இடத்தைத் தனித்து நிரப்ப முடியாது என்பதே. ஆதலால் இயன்முறை மருத்துவரைத் தேடிப் பெறுங்கள். 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இரத்தக் கொதிப்பு, நீரிழிவு மாத்திரைகளோடு இயன்முறைப் பயிற்சியும் இல்லத்திற்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து கேளுங்கள்.

நோயாளி மனம் சோர்ந்து அழுவதும் சினப்பதும் பிடிவாதமன்று. அவையும் நோயின் கூறுகளாக இருக்கலாம். உலகம் போற்றும் லூயி பாஸ்டர் 1868-ஆம் ஆண்டில், தமது 45-ஆம் வயதில், பக்கவாதத்தால் இடப்பக்கம் தளர்ந்தார். வெறிநாய்க்கடிக்கு அவர் தடுப்பூசி அளித்தது அதற்குப் பின், 1885-இல். கட்டிலில் இருப்பவரின் காதில் இதைச் சொல்லுங்கள்.

வருமுன் காத்தல்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் தம் சுற்றுப்புறத்து மக்களிடையே கணக்கெடுத்து, லட்சத்தில் ஏறத்தாழ 57 பேர் பக்கவாதத்தால் முடங்கியிருப்பதாக 1970-இலேயே வெளியிட்டனர். ஆகவே இது நமக்குப் புதிய நோயன்று. 22 நாடுகளில் நடந்து 2010-இல் வெளியான பேராய்வு, இந்நோயின் காரணங்களுள் தலையாயது இரத்தக் கொதிப்பே என்று கண்டது.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12-இல் மூளையில் இரத்தம் கசிந்து மாண்டபோது, அவரது இரத்த அழுத்தம் 300-க்கு 190. உலகின் வலிமை மிக்க மனிதருக்கு அன்று கிடைக்காத மருந்து, இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏழைக்கும் விலையின்றிக் கிடைக்கிறது. ஆனால் நாம் செய்வதென்ன? இரண்டு மாதம் விழுங்கிவிட்டு, "அளவு சரியாகிவிட்டது" என்று நிறுத்திவிடுகிறோம். குடை பிடித்ததால் நனையவில்லை. நனையவில்லை என்பதற்காக நடுமழையில் குடையை மடக்கலாமா?

இரவு பகலாக வண்டி ஓட்டும் நாமக்கல் ஓட்டுநர்கள், ஊர் ஊராகச் செல்லும் திருச்செங்கோட்டு ரிக் வண்டித் தொழிலாளர்கள், உறக்கமின்றித் தறியில் நிற்போர், ஜவ்வரிசி ஆலையில் உழைப்போர் ஆகியோர் தமக்குக் கொதிப்பு இருப்பதையே அறியாமல் இருக்கக்கூடும். அது வலி காட்டாத நோய். 140-க்கு 90 என்ற அளவை எட்டிவிட்டால் மருத்துவரைக் காண வேண்டும். பீடியும் புகையிலையும் மதுவும் விலக வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உள்ளதும் அக்கணக்கில் சேரும்.

பங்குகளுக்கு ஒரு விண்ணப்பம்

அக்டோபர் 29 உலகப் பக்கவாத நாள். அது செபமாலை மாதத்தில் வருவது நமக்கு நல்வாய்ப்பு. மாலைதோறும் ஒவ்வோர் இல்லமாக அன்பியத்தார் கூடும் அம்மாதத்தில், செபம் முடிந்தபின் ஐந்து நிமிடங்கள் ஒதுக்கி, முகம், கை, பேச்சு என்ற மூன்றையும் சிறுவரைக் கொண்டே செய்து காட்டச் செய்யலாம். வின்சென்ட் தே பவுல் சபையார் ஒரு கருவி வாங்கி, மாதம் ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் இரத்த அழுத்தம் அளக்கலாம். மாத்திரையை நிறுத்தியவரை மரியாயின் சேனையார் இல்லம் தேடிச் சென்று அன்போடு கேட்கலாம்.

முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் சுமந்து வந்து, கூட்டத்தால் வழி அடைபட்டபோது கூரையைப் பிரித்து இறக்கியதை நற்செய்தியில் நாம் அறிவோம். படுத்திருந்தவர் தாமாக வர இயலாதவர். வழியைக் கண்டவர்கள் சுமந்தவர்களே. பக்கவாதம் கண்டவரும் தமக்காக 108-ஐ அழைக்க இயலாதவர். அடையாளம் காண ஒருவர், அழைக்க ஒருவர், நேரத்தோடு உடன் செல்ல ஒருவர், பின்னர்ப் பொறுமையோடு பயிற்சி தர ஒருவர் என அவருக்கும் நால்வர் வேண்டும். அந்த நால்வர் நம் இல்லங்களிலேயே உருவாக வேண்டும்.

இவ்விதழைக் கீழே வைக்குமுன் ஒரு தாளை எடுங்கள். முகம், கை, பேச்சு என்று எழுதுங்கள். அதன்கீழ் 108 என்றும், நீங்கள் விசாரித்தறிந்த மருத்துவமனையின் பெயரையும் எழுதுங்கள். வீட்டுக் கடிகாரத்தின் அருகே அதனை ஒட்டி வையுங்கள்.